படலைக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில்: வன்னிக் கிராமங்களின் விழிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், இரவுக் காவலுக்காக நீங்களாகவே கூடி அமைத்த விழிப்புக் குழுக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீடு புகுந்த கள்ளன் அகப்பட்டால் ஊர் சேர்ந்து அடிக்கலாம், அடியில் உயிர் போனாலும் ஊர் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தீர்மானம் சங்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. சில இடங்களில் அது கூட்டக் குறிப்புப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. கீழே தலைவர், செயலாளர் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை எல்லாம் உண்டு. அந்த வரியை வெட்டிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் பேசும் சட்டத்தரணி நான். கள்ளனுக்காக எழுந்து பேசுவதும் என் தொழிலில் ஒரு பகுதிதான், மறைக்கவில்லை. ஆனால் இந்த மடல் கள்ளனுக்காக எழுதியதில்லை. அந்தப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தவர்களுக்காக எழுதியது.

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காயில், கண்டாவளைப் பக்கம், நெடுங்கேணியில் எல்லாம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பற்றைக்காடு கிடக்கும். கத்தினால் கேட்காது. பொலிஸ் வருவதென்றால் மாரி மழையில் அந்த ரோட்டைக் கடந்து வர வேண்டும். மீளக்குடியேறிய காலத்தில் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. சாமான் விலை ஏற ஏற அந்தக் காசில் சுவர் எழும்பியது, கூரை ஏறியது, பின்கதவுக்கு வரும்போது பலருக்குக் காசு முடிந்துபோனது. பின்வாசலில் தகரத்தைச் சாத்திக் கல்லால் முட்டுக்கொடுத்துவிட்டுப் படுக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பல, ஆண் துணையில்லாத தாய்மாரின் வீடுகள். கிணற்றடியில் வாட்டர் பம்ப் போகிறது, பட்டியில் மாடு போகிறது, அலுமாரியில் இருந்த ஒரே சங்கிலியும் போகிறது. முறைப்பாடு கொடுத்தால் துண்டு ஒன்று கிடைக்கும், பம்ப் கிடைக்காது. இவ்வளவுக்கும் பிறகு கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இனி நாங்களே பார்ப்பம்" என்றால் கை தட்டத்தான் தோன்றும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதில் இரண்டு பக்கமும் பிழையான நம்பிக்கை இருக்கிறது. கள்ளனைத் தொட்டாலே நமக்குத்தான் வழக்கு என்று ஒரு கூட்டம் பயப்படுகிறது. நம் காணிக்குள் கால் வைத்தவனை என்னவும் செய்யலாம் என்று இன்னொரு கூட்டம் நினைக்கிறது. இரண்டும் சரியில்லை. வீட்டுக்குள் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலான உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டைச் சுற்றிய வளவில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பிடித்துக் கட்டிய பிறகு ஒன்றுமே இல்லை.

நம்மை ஆளும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. வெள்ளைக்காரர் 1860இல் இந்தியாவுக்கு ஆக்கிய கோவையைப் பின்பற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அதில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கலாம், அப்படிச் செய்தது குற்றமில்லை என்பது பொது விதி. பக்கத்து வீட்டு அக்காவின் சத்தம் கேட்டு நீங்கள் ஓடிப்போனால் அதுவும் இந்த உரிமைக்குள் அடங்கும். அந்த உரிமை ஒருவருடைய உயிரை எடுக்கும் அளவுக்கு எப்போது நீளும் என்பதை இரண்டு பிரிவுகள் தனியாகச் சொல்கின்றன. உடலைக் காப்பதற்கு 93, சொத்தைக் காப்பதற்கு 96.

முதலில் 96. நான்கு சந்தர்ப்பங்களைச் சொல்கிறது. கொள்ளை, அதாவது அடித்தோ ஆயுதத்தைக் காட்டிப் பயமுறுத்தியோ பறிப்பது. இரவில் வீடுடைத்துப் புகுவது. மனிதர் குடியிருக்கும் அல்லது சொத்து வைத்திருக்கும் கட்டடத்துக்கு, கூடாரத்துக்குத் தீ வைப்பது. நான்காவது, களவு, சொத்துக்குச் சேதம், வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது ஆகியவை, ஆனால் இப்போது தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கடும் காயம் வரும் என்று நியாயமாகப் பயப்பட வேண்டிய நிலைமை இருந்தால் மட்டும். அந்தப் பயம் இல்லாத வெறும் களவுக்கு உயிரை எடுக்கும் உரிமை சட்டத்தில் எங்கேயும் கிடையாது. பம்புக்காக ஒருவரைக் கொல்ல முடியாது. மாட்டுக்காகவும் முடியாது. எத்தனை லட்சம் பெறுமதியான மாடாக இருந்தாலும் சரி.

இரவு என்றால் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை. ஆகவே மாலை ஏழு மணிக்குப் பூட்டை உடைத்து உள்ளே வந்தவனும் இரவில் வந்தவன்தான், நடுச்சாமம் ஆக வேண்டியதில்லை. நல்ல பகலில், நீங்கள் வயலுக்குப் போன நேரம் பார்த்து வந்தவன் அந்த வகைக்குள் வரமாட்டான். ஏன் இரவுக்குத் தனிச் சலுகை? இருட்டில் வந்தவன் எதற்கு வந்தான், கையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது, உதவிக்கு ஆளும் வராது. லாந்தர் காலத்தில் எழுதிய சட்டம் இது. வன்னியில் பல ஊர்களுக்கு அந்த நியாயம் இன்னும் பழசாகவில்லை.

வீடு என்பதற்கும் சட்டம் பெரிய மனது வைத்திருக்கிறது. கல்வீடுதான் வேண்டும் என்றில்லை. மனிதர் குடியிருந்தால் கூடாரமும் அந்த வகைக்குள் அடங்கும். 2009க்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழே வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு அந்தத் தறப்பாளும் சட்டத்தின் கண்ணில் வீடுதான். வழிபாட்டுக்குரிய கட்டடமும், பொருள் வைக்கும் களஞ்சியமும் சேரும். ஆனால் வளவு சேராது. இதுதான் நம் ஊர்களில் முக்கியமான இடம். நம்முடைய வளவு அரை ஏக்கர், ஒரு ஏக்கர். படலையைத் தாண்டியவன் வீட்டுக் கதவுக்கு வர இன்னும் நூறு அடி நடக்க வேண்டும். அந்த நூறு அடிக்குள் அவன் செய்திருப்பது அத்துமீறி நுழைந்தது மட்டும். அவனைத் துரத்தலாம், தடுக்கலாம், பிடிக்கலாம், அதற்குத் தேவையான அளவு பலத்தையும் பாவிக்கலாம். வேலியோரம் நிழல் அசைந்தது என்று கோடாலியை எறிய முடியாது.

அப்புறம், 96இல் சொன்ன அந்த உரிமைகூடத் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் 92 நிற்கிறது. காப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது அது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை என்றும் சொல்கிறது. இரவில் பூட்டை உடைத்து உள்ளே வந்தவன்தான், ஆனால் ரோச் லைட்டைக் கண்டதும் சாமானைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிவிட்டான் என்றால், அதற்குப் பிறகு விழும் வெட்டுக்கு 96 பதில் சொல்லாது. வேலி பாய்ந்து ஓடுகிறவனின் முதுகில் விழும் வெட்டுக்கும் அப்படித்தான். களவுபோன பொருளை மீட்கத் துரத்தலாம், அந்த உரிமை அவன் பொருளோடு தப்பி மறையும் வரை தொடரும் என்று 98 சொல்கிறது. துரத்திப் பிடிப்பதற்கான அனுமதி அது. கொல்வதற்கான அனுமதி இல்லை.

இனி 93. தனியாக இருக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாதர் சங்கங்கள் இந்தப் பகுதியைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கலாம். உயிர் போகும் அல்லது கடும் காயம் வரும் என்று நியாயமாகப் பயப்பட வைக்கும் தாக்குதல், பாலியல் வன்புணர்வு நோக்கத்தோடு வரும் தாக்குதல், கடத்திப்போகும் நோக்கத்தோடு வரும் தாக்குதல் ஆகியவற்றுக்கு எதிராக உங்களைக் காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போனாலும் அது குற்றமில்லை. இங்கே இரவா பகலா என்ற கேள்வி இல்லை. வீடா, வளவா, தோட்டமா, ரோட்டா என்ற கேள்வியும் இல்லை. வந்தவன் தெரியாதவனா, சொந்தக்காரனா, சீருடை போட்டவனா என்பதும் இந்த உரிமையை அழிக்காது. முதல் அடி உங்கள் மேல் விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவனுடைய முயற்சியாலோ மிரட்டலாலோ ஆபத்து வருகிறது என்ற நியாயமான பயம் தோன்றிய அந்த நேரமே உரிமை தொடங்கிவிடுகிறது என்று 95 சொல்கிறது. கையில் அகப்பட்டது உலக்கையோ, அலவாங்கோ, திருவலையோ, அதைப் பாவிக்கலாம். அந்தப் பதற்றத்தில் தராசு பிடித்து அளந்து அடிக்க யாராலும் முடியாது என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். வெட்கத்துக்காக மறைத்து, "கள்ளன் வந்தான்" என்று மட்டும் சொல்லிவிடுவதால்தான் பல பெண்கள் தங்கள் பலமான எதிர்வாதத்தை இழக்கிறார்கள். எதற்காக வந்தான் என்று பயந்தீர்களோ அதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள்.

இவ்வளவு உரிமை இருக்கும்போது தீர்மானத்தில் எனக்கு என்ன குறை? அந்தத் தீர்மானம் பேசுவது வீட்டுக்காரரைப் பற்றி இல்லை. பிடித்த பிறகு கூடும் கூட்டத்தைப் பற்றி. நீதிமன்றத்துக்கு வரும் இப்படியான வழக்குகளில் உயிர் பெரும்பாலும் கட்டிலடியில் போவதில்லை. சந்தியில், மரத்தில் கட்டிய பிறகு போகிறது. முதலில் வீட்டுக்காரர் பிடிக்கிறார். பிறகு விசில் ஊதுகிறது, வட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது, பத்து மோட்டார் சைக்கிள் வருகிறது. போன வருடம் பம்ப் பறிகொடுத்தவர் வந்து ஒரு அடி, மாடு போனவர் ஒரு அடி, குடித்திருந்தவர் நான்கு அடி. விடியும்போது வீட்டுக்காரருக்கே யார் அடித்தார்கள் என்று தெரியாது. ஆனால் சந்தேகநபர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கும் தெரியுமா? குற்ற நோக்கம் ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்தப் பொது நோக்கத்தை நிறைவேற்ற அதில் ஒருவர் செய்த குற்றத்துக்கு, அந்த நேரம் அதில் உறுப்பினராக இருந்த எல்லோரும் குற்றவாளிகள் என்கிறது 146ஆம் பிரிவு. நான் ரோச் மட்டும்தான் பிடித்தேன், நான் கயிறு மட்டும்தான் கொடுத்தேன் என்பது விடுதலைக்குப் போதாது. பொது நோக்கத்தை நிரூபிக்க வழக்குத் தொடுநர் பெரும்பாலும் கஷ்டப்பட வேண்டியிருக்கும். உங்கள் சங்கம் அந்தக் கஷ்டத்தை அவருக்கு மிச்சம்பிடித்துக் கொடுக்கிறது: தேதி போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தி. ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற அந்த வரி ஊரைக் காக்காது, ஊரையே எதிரிக்கூண்டில் ஏற்றும். "அனுமதியின்றி நுழைபவரின் உயிருக்கு நாம் பொறுப்பல்ல" என்று படலையில் தொங்கும் பலகைகளும் இந்த ரகம்தான். அந்தப் பலகைக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. கொல்லும் எண்ணம் முன்பே இருந்தது என்பதற்குச் சான்றாக மட்டும் அதைக் காட்டலாம்.

கொலைக் குற்றத்துக்கு 296ஆம் பிரிவின்படி மரண தண்டனை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்பதால் அது நடைமுறையில் வருடக்கணக்கான சிறை. உண்மையிலேயே தற்காப்பில் தொடங்கி, நல்லெண்ணத்தோடு, பழிவாங்கும் எண்ணமில்லாமல், அளவு மட்டும் மீறிப்போயிருந்தால் அது கைமோசக் கொலையாக, அதாவது கொலையிலும் குறைந்த குற்றமாகக் குறையலாம். அதற்கும் 20 வருடம் வரை போகும். தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும், வழக்கு முடியும் வரை என்ன நடக்கும் என்று யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை. கொலைச் சந்தேகநபருக்குப் பிணை கொடுப்பது நீதவானின் கையில் இல்லை, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதுவரை 14 நாளுக்கு ஒரு தவணை என்று வவுனியா விளக்கமறியலுக்கும் நீதிமன்றத்துக்குமாகப் போய்வரும் வாழ்க்கை. நீதவான் விசாரணை, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம், மேல் நீதிமன்ற வழக்கு என்று வருடங்கள் ஓடும். காலபோகம் இரண்டு மூன்று விதைக்காமல் போகும். சட்டத்தரணிக்கு நகை அடகு போகும் (இதை நான் சொல்வது வேடிக்கைதான், ஆனால் உண்மை). ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவர்கள் முதல் இரண்டு தவணைக்கு வான் பிடித்து வருவார்கள். மூன்றாவது தவணைக்கு மனைவி மட்டும் பஸ்ஸில் வருவார்.

தற்காப்பு என்று நீங்கள் சொன்னால் அதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. சாட்சியக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வழக்குத் தொடுநர் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்று 1942இலேயே நம் நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதைக் காட்ட உடைந்த பூட்டு வேண்டும், வீட்டுக்குள் இரத்தம் வேண்டும், காயம் முன்பக்கம் இருக்க வேண்டும். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்போடு, முதுகெல்லாம் பொல்லடியோடு, வீட்டிலிருந்து கால் மைல் தள்ளிக் கிடக்கும் உடலைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்த பிறகு, நான் எழுந்து தற்காப்பு என்று சொன்னால் நீதிபதி என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

இன்னொன்று, ஆள் மாறிப்போவது. 2011 ஆகஸ்ட் மாதத்தை மறந்திருக்கமாட்டீர்கள். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வரும் மர்ம மனிதன், கிறீஸ் பூதம் என்று நாடு முழுக்கப் பரவிய பயம் வன்னிக்கும் வந்தது, பெண்கள் கூட்டமாக ஒரே வீட்டில் படுத்தார்கள். அந்த நாட்களில் மலையகத்தில் வெறும் சந்தேகத்தில் மனிதர்களை அடித்துக் கொன்றார்கள். புத்தளத்தில் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் செத்தார். யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையில் ஆட்களைத் துரத்திப் போய்த் தட்டிக் கேட்ட மக்களைப் படையினரும் பொலிஸும் இரவோடிரவாக வீடுகளிலிருந்து இழுத்து அடித்துக் கொண்டுபோனார்கள். பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் தெருவால் போன தெரியாத முகமெல்லாம் பூதமாகத் தெரிந்தது. வன்னியில் இரவில் தெருவில் நிற்கும் தெரியாத ஆட்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். யுத்தத்தில் மனம் உடைந்து, வீடு எது என்று தெரியாமல் அலைபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஷெல் சத்தத்தில் செவி போனவர்கள் இருக்கிறார்கள், "ஆரது?" என்று நீங்கள் கத்தினால் அவர்களுக்குக் கேட்காது. கட்டாக்காலி மாட்டைத் தேடி வந்தவர், கசிப்பில் வழி தவறியவர், காதலியின் வீட்டு வேலியோரம் வந்து நின்ற பொடியன்.

இப்படி ஆள் மாறி நடந்தால் சட்டம் முற்றாகக் கைவிடுவதில்லை. நல்லெண்ணத்தோடு நிலைமையைப் பிழையாக விளங்கிக்கொண்டதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உரிய கவனமும் அவதானமும் இல்லாமல் நம்பியதை நல்லெண்ணத்தோடு நம்பியதாகச் சட்டம் ஏற்காது. லைட்டைப் போட்டீர்களா, குரல் கொடுத்தீர்களா, பதிலுக்கு ஒரு நொடி கொடுத்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள்.

கூட்டங்களில் இளைஞர்கள் எழுந்து, அமெரிக்காவில் வீட்டுக்குள் வந்தவனைச் சுடலாம், கேள்வியே இல்லை என்கிறார்கள். கனடாவிலிருந்து யாரோ அனுப்பிய வீடியோ பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. புளோரிடா 2005இல் கொண்டுவந்ததுபோல வீட்டுக்காரருக்கு மிகத் தாராளமான சட்டங்கள் சில மாநிலங்களில் உண்டு, அது உண்மை. அதே நாட்டில்தான் 1992இல் லூசியானாவில், ஹலோவீன் விருந்துக்கு வந்த 16 வயது ஜப்பானிய மாணவன் பிழையான வீட்டு மணியை அடித்துச் சுடப்பட்டுச் செத்தான். சுட்டவரை ஜூரி விடுதலை செய்தது. பிறகு பெற்றோர் போட்ட சிவில் வழக்கில் 6 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு மேல் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பானது. இங்கிலாந்தில் 1999இல் தனிவீட்டில் இருந்த விவசாயி ஒருவர், திரும்பத் திரும்பக் களவு கொடுத்து நொந்தவர், தப்பி ஓடிய 16 வயதுப் பையனை முதுகில் சுட்டார். முதலில் கொலைக் குற்றம், மேன்முறையீட்டில்தான் குறைந்தது. சரி, அங்கே எப்படியும் இருக்கட்டும். நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது கிளிநொச்சி நீதிமன்றத்தில், மயாமியில் இல்லை.

ஆளே இல்லாமல் ஆளைக் கொல்லும் ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கென்று கட்டும், தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும், பிரதான கம்பியிலிருந்து இழுத்து வேலியில் விடும் கரண்டும் இப்போது கள்ளனுக்கும் என்று சொல்லப்படுகிறது. கட்டுத்துவக்குக்கு வந்தவன் யார் என்று தெரியாது, எவ்வளவு தேவை என்றும் தெரியாது. விறகுக்குப் போனவரையும் பந்து எடுக்கப் போன பிள்ளையையும் அது ஒரே மாதிரித்தான் சுடும். அதை வைத்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல என்னால் முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாத இடியன் என்ற நாட்டுத் துவக்கு வீட்டில் இருந்தாலே சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தில் தனி வழக்கு. உண்மையான தற்காப்பில் சுட்டிருந்தாலும் அந்த வழக்கு உங்களை விடாது.

முந்தைய காலத்தில் கள்ளர் பயமே இல்லை, கதவைத் திறந்துவிட்டுப் படுத்தோம் என்று மூத்தவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நினைவு இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். எண்பதுகளில் வடக்கில் காலையில் எழுந்து போனால் மின்கம்பத்தில் உடல் கட்டியிருக்கும். கழுத்தில் மட்டை, அதில் சமூக விரோதி என்று எழுத்து. கோழி பிடித்தவனுக்கும் அந்த மட்டை, காட்டிக்கொடுத்தான் என்று யாரோ சொன்னவனுக்கும் அந்த மட்டை. அவர்களில் எத்தனை பேர் உண்மையில் குற்றம் செய்தவர்கள் என்று விசாரித்தறிய இனி வழியில்லை. மட்டை எழுதியவர்களையும் யாரும் விசாரிக்கவில்லை. அப்படிச் செத்தவர்களின் அம்மாமாரில் சிலர் இன்னும் உங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், சங்கக் கூட்டத்துக்கும் வருகிறார்கள். "அடிச்சுக் கட்டுங்கோ" என்று நீங்கள் பேசும்போது அவர்கள் எதிரில்தான் இருக்கிறார்கள்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும், அவர்களும் இதை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. நள்ளிரவில் நடுங்கிக்கொண்டு வரும் வீட்டுக்காரரின் வாக்குமூலத்தை அவருக்கு விளங்காத மொழியில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டு, அதையே பிறகு அவருக்கு எதிராக நீட்டுவது நியாயமில்லை. பம்ப் களவுக்கு ஒரு தடவையாவது ஆளை அனுப்பிப் பாருங்கள். 119க்கு அடித்தால் வண்டி வரும் என்று ஊர் நம்பினால் விசில் ஊதும் தேவை பாதியாகக் குறையும்.

விழிப்புக் குழு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆளைப் பிடிக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதைச் சாதாரண மனிதருக்கும் கொடுக்கிறது: கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்பவரை, அப்படிச் செய்துவிட்டு ஓடுகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவரைப் பிடிக்கலாம், சுணங்காமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே குழுவில் ஒருவருக்கு ஒரே வேலை, போன் எடுப்பது. 119க்கு எத்தனை மணிக்கு அடித்தார், என்ன பதில் வந்தது என்று அவரே எழுதி வைக்கட்டும். அந்தத் துண்டுக் கடதாசி பிறகு உங்களுக்குப் பொன். இன்னொருவர், ஊரில் குரல் எடுபடக்கூடியவர், விதானையாரோ பாடசாலை அதிபரோ, பிடிபட்டவருக்குப் பக்கத்தில் நின்று யாரையும் அடிக்க விடாமல் பார்ப்பது. பிடிபட்டவருக்குக் காயம் என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கேளுங்கள், கள்ளன்தானே என்று விட்டுவிட வேண்டாம். அவர் உயிரோடு இருக்கும் வரை உங்கள் வழக்கு களவு வழக்கு, செத்தால் கொலை வழக்கு. வீடியோ எடுத்து முகநூலில் போடுகிறவரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள், அவருடைய வீடியோதான் நாளைக்கு அரச தரப்புச் சான்றுப்பொருள். உடைந்த பூட்டைக் கழற்ற வேண்டாம், இரத்தத்தைக் கழுவ வேண்டாம். வாக்குமூலம் தமிழில் எழுதும்படி கேளுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சங்கத்தின் சேமிப்பில் காசு இருந்தால், பின்கதவு இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்துக் கதவு போட்டுக் கொடுங்கள். தனியாக இருக்கும் தாய்மாரின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காசைச் சட்டத்தரணிக்குக் கொடுப்பதைவிட அது லாபம் என்று ஒரு சட்டத்தரணியே சொல்கிறேன்.

குறிப்புப் புத்தகத்தில் அந்த வரியை வெட்டிவிட்டு அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "வீட்டுக்குள் புகுந்தவரிடமிருந்து உயிரையும் உடலையும் காக்க வீட்டார் சட்டப்படி செய்வதற்கு ஊர் துணை நிற்கும். பிடிபட்டவரை யாரும் அடிப்பதில்லை. உடனே பொலிஸுக்கு அறிவித்து ஒப்படைப்பது." இதற்குக் கை தட்டு குறைவாகத்தான் விழும், தெரியும். ஆனால் இதை எந்த நீதிமன்றத்தில் வாசித்தாலும் உங்களுக்குச் சாதகம்.

உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச என்னைக் கூப்பிட்டால் வருவேன், கட்டணம் இல்லை. 93ஐயும் 96ஐயும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து தருகிறேன், சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டலாம். கூட்டத்தை மட்டும் பின்னேரம் மூன்று மணிக்கு வையுங்கள். மல்லாவி, முழங்காவில் பக்கம் என்றால் திரும்பி வரப் பஸ் இல்லை.

இப்படிக்கு,
வன்னி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணி